மீரா சந்தோஷமாக இருக்கிறாள்

என் சித்தப்பாவுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒலக்கூர்ப் பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து திண்டிவனத்து இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு வேனில் போய்வந்த ஒரே ஜீவன் எங்கள் வீட்டில் நான்தான். அதனால் உர மூட்டையில் அச்சடித்திருப்பதிலிருந்து மாத்திரை அட்டையின் முதுகு வரை எதை வாசிக்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தெரியாத வார்த்தை வந்தால் நான் தயங்கியதே கிடையாது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன், அவர்களும் தலையாட்டிவிடுவார்கள். பத்து வயதுப் பெண்ணுக்கு அவ்வளவு அதிகாரம் கொடுத்திருக்கக் கூடாது.

சித்தப்பா அப்பாவின் தம்பி. புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வெல்டிங் வேலை பார்த்தவர், கத்தாருக்குப் போகலாம் என்று முடிவெடுத்து ஊருக்கு வந்திருந்தார். இன்டர்வியூவில் நாலு வார்த்தை இங்கிலீஷில் பேசினால்தான் எடுப்பார்கள் என்று யாரோ சொல்ல, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் சேர்ந்தார். அங்கே ஒரு தடித்த புத்தகமும் ஒரு சிடியும் கொடுத்தார்கள். வெளிநாட்டில் அச்சான புத்தகம். இங்கிலீஷ் தெரியாத அத்தனை தேசத்தாருக்கும் சேர்த்து ஒரே புத்தகமாகப் போட்டிருந்தார்கள்.

அந்தப் புத்தகத்துக்குள் குடியிருந்த ஜனங்களை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவர்களில் யாருக்கும் தலைவலியைத் தாண்டி ஒரு நோய் வராது. யாரும் சத்தம் போட மாட்டார்கள். ஆளுக்கொரு பொழுதுபோக்கு உண்டு, அதை முன்பின் தெரியாதவரிடம்கூட முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவார்கள். ஒரு பக்கத்தில் குடும்பத் தலைவர் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு தட்டு கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை என் அம்மா வெகுநேரம் பார்த்தாள். யார் யாரை எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான், ஃபைன், தேங்க்யூ. ஒருநாள் சித்தப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“நல்லா இல்லைன்னா இன்னா சொல்லணும் பாப்பா?”

முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். எங்கேயும் போடவில்லை. அதற்கும் ஃபைன் தேங்க்யூதான் என்று சொல்லிவிட்டேன். சித்தப்பா நோட்டில் எழுதிக்கொண்டார்.

இந்த இடத்தில் அத்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில், பெற்ற குழந்தை பத்தாம் நாள் தவறிப்போனதும் அத்தைக்குப் புத்தி கலங்கிவிட்டது. அந்த வீட்டார் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். அத்தை யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை. கதவு திறந்திருந்தால் நடக்க ஆரம்பித்துவிடுவாள், அவ்வளவுதான். வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லை, தண்டவாளம், பைபாஸ் ரோடு என்று கால் போன போக்கில் போவாள். கழனி வேலையைப் போட்டுவிட்டு அப்பாதான் தேடிக்கொண்டு ஓடுவார். தேடி வந்தவரைக் கண்டதும் அத்தையின் முகமெல்லாம் சிரிப்பாகிவிடும். கையை நீட்டுவாள். பிடித்துக்கொண்டால் பேசாமல் கூடவே வந்துவிடுவாள்.

மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு மூன்று அமாவாசை கூட்டிக்கொண்டு போனால் தெளியும் என்றார்கள். இரண்டு அமாவாசை அப்பா கூட்டிப்போய், ராத்திரிப் பூஜை முடிந்து மறுநாள் கூட்டிவந்தார். மூன்றாவது அமாவாசையன்று தனியாக வந்தார். எனக்குப் பள்ளி லீவு, வீட்டில் இருந்தேன். உச்சிவெயில் நேரம். கூட்டத்தில் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள், எங்கே தேடியும் காணவில்லை என்றார். பிறகு சோறு கேட்டார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டாள். மறுநாள் புதுச்சேரியிலிருந்து சித்தப்பா ஓடிவந்தார், அண்ணனும் தம்பியுமாகப் போய் நாலு நாள் தேடினார்கள். அதற்கப்புறமும் சித்தப்பா அமாவாசை தவறாமல் போய்த் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அத்தையின் போட்டோவை மாட்டிப் பொட்டு வைக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தெரியாமையிலிருந்து தப்பித்துப் போவதற்காகத்தான் சித்தப்பா கத்தார் போக நினைத்தார் என்று நினைக்கிறேன்.

புத்தகத்தின் பன்னிரண்டாம் பாடம் உலகத்துப் பண்டிகைகள். தேசத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு தேசத்தில் தக்காளியை எறிந்துகொண்டார்கள், ஒரு தேசத்தில் பூவுக்குக் கீழே பாய் விரித்துச் சாப்பிட்டார்கள். நம் தேசம் எப்போது வரும் என்று ஆவலாகப் புரட்டினேன். வந்தது. மேலே ஒரு யானை. அதற்குக் கீழே நாங்கள் சினிமாவில் மட்டும் பார்த்திருந்த வண்ணப்பொடி. அதற்கும் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெண்ணின் படம்.

கண்ணாடி வளையல் சரம் சரமாகத் தொங்கும் ஒரு கடைக்கு முன்னால் அவள் நின்றாள். நெற்றி நிறையக் குங்குமம். இடது மணிக்கட்டில் ஒரு துண்டு கட்டியிருந்தது. துண்டின் மறுமுனை படத்தின் ஓரம் வரை போய், அங்கே படம் முடிந்துவிட்டதால் அதுவும் முடிந்துவிட்டது. வலது கையைப் பார்ப்பவரை நோக்கி நீட்டியபடி அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் அத்தை.

நான் கத்தவில்லை. புத்தகத்தை மூடி, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி திறந்து பார்த்தேன். அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அப்புறம்தான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். “அன்னிக்குக் கட்டிக்கினு போன புடவைதான்” என்றாள், மிகவும் மெதுவாக. சித்தப்பா புத்தகத்தைத் தொடவே இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்டார். நான் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இவள் பெயர் மீரா. இந்தியாவில் ஒரு சின்ன கிராமத்தில் வசிக்கிறாள். இன்று பண்டிகை. மீரா சந்தோஷமாக இருக்கிறாள். பண்டிகை நாளில் கையில் துணி கட்டிக்கொள்வது இவர்களுடைய வழக்கம். இவர்கள் விருந்தாளிகளைப் பார்த்தால் எப்போதும் சிரிப்பார்கள்.

அத்தையின் பெயர் மீரா இல்லை. ஆனால் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. துணி விஷயம்தான் அம்மாவுக்கு இடித்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, காப்பு கட்டியிருப்பார்கள், அந்த ஊரில் துணியில் கட்டுவார்களோ என்னவோ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவ்வளவு பெரிய புத்தகம் வழக்கம் என்று எழுதியிருக்கும்போது நம் வழக்கம் நமக்கே தெரியாமல் போயிருக்கலாம் அல்லவா. சித்தப்பாவுக்கோ வேறொரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

“வசிக்கிறாள்னு போட்டிருக்கா, வசிச்சாள்னு போட்டிருக்கா? நல்லாப் பார்த்துச் சொல்லு.”

பள்ளியில் நிகழ்காலம் நடத்தி முடித்திருந்தார்கள். எனக்குத் துளியும் சந்தேகமில்லை. வசிக்கிறாள் என்றுதான் போட்டிருக்கிறது, உயிரோடு இருந்தால்தான் அப்படிப் போடுவார்கள் என்று அடித்துச் சொன்னேன். சித்தப்பா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவருக்கு நல்ல செய்தி சொன்ன பெருமையில் நான் பூரித்துப் போனேன்.

அன்று சாயங்காலம் அப்பா கழனியிலிருந்து வந்ததும் அவரிடம் படத்தைக் காட்டினோம். அவர் புத்தகத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து, அவள்தான் என்றார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பாடத்துக்கும் சிடியில் ஒரு பகுதி உண்டு என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். அரசாங்கம் கொடுத்த கலர் டிவியில் பிளேயரை மாட்டிச் சித்தப்பா சிடியைப் போட்டார். அதில் படம் கிடையாது. திரை முழுக்க நீலம் மட்டும். முதலில் சந்தை இரைச்சல் மாதிரி ஏதோ கேட்டது. பிறகு ஒரு பெண் குரல் தெளிவாகப் பேசியது. ஹலோ, மை நேம் இஸ் மீரா.

அந்த சிடியில் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் கொஞ்சநேரம் மௌனமாக விட்டிருப்பார்கள். கேட்பவர் திருப்பிச் சொல்வதற்கான இடம் அது. வழக்கமாகச் சித்தப்பா அந்த இடத்தில் உரக்கத் திருப்பிச் சொல்லுவார். அன்றைக்கு அவர் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு, “அக்கா, எங்க கீற நீ?” என்று கேட்டார்.

ஐ லிவ் இன் எ ஸ்மால் வில்லேஜ் என்றது குரல்.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த வரியின் அர்த்தத்தை நான் கிசுகிசுப்பாகச் சொன்னேன். சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டபடி, யார் கூட வந்தாய் என்று கேட்டார். ஐ ஆம் ஹியர் வித் மை பிரதர். அண்ணனோடு வந்திருக்கிறேன் என்கிறாள் என்றேன். அண்ணன் எங்களோடுதான் உட்கார்ந்திருந்தார், எங்கே என்று சித்தப்பா கேட்டிருக்கத் தேவையே இல்லை, ஆனாலும் கேட்டார். மௌனம் முடிந்ததும் குரல் சொன்னது: மை பிரதர் இஸ் பையிங் டீ. ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் ஹிம்.

அண்ணன் டீ வாங்கிக்கொண்டிருக்கிறான், அவனுக்காகக் காத்திருக்கிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா எழுந்து போய்விட்டார். குரல் அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் சொன்னது. ஒவ்வொரு பாடத்தின் கடைசி வரியையும் இரண்டு தரம் சொல்வதுதான் அந்த சிடியின் பழக்கம்.

நான் எட்டிப் பார்த்தபோது அப்பா மாட்டுக் கொட்டகையில் கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். மாடுகளிடம் அப்பாவுக்கு அப்படி ஓர் உருக்கம். சாதாரண முடிச்சு கன்றின் கழுத்தை அறுக்கும் என்று அவராகவே ஒரு முடிச்சு கண்டுபிடித்து வைத்திருந்தார். வயிற்றோடு வயிறு ஒட்டிய இரண்டு வளையம் மாதிரி இருக்கும். எவ்வளவு இழுத்தாலும் இறுகாது, எவ்வளவு முண்டினாலும் அவிழாது. ஊரில் வேறு யாருக்கும் அது வராது. எனக்கு மட்டும் கட்டச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவிழ்ப்பதற்கு வேறு சூட்சுமம் உண்டு. கன்று என்னை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அதை மட்டும் சொல்லித்தரவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அந்தக் கடைசி வரி என் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பல் விளக்கும்போது, வேனுக்கு நிற்கும்போது, ஜடை பின்னிக்கொள்ளும்போது எல்லாம் ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் ஹிம் என்று அந்தக் குரல் மாதிரியே இழுத்துச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் சொல்ல ஆரம்பித்தால் அப்பா சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வெளியே போய்விடுவார். அப்பாவுக்கு இங்கிலீஷ் என்றால் ஆகாது என்று எடுத்துக்கொண்டேன். இதற்கு நடுவில் சித்தப்பா இன்டர்வியூவைத் தள்ளிவைத்துவிட்டார். அக்கா இருக்கிறாள் என்று தெரிந்தபின் கத்தார் எதற்கு என்றார். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு அமாவாசைக்காகக் காத்திருந்தார்.

அமாவாசை சனிக்கிழமையில் வந்தது. எனக்குப் பள்ளி இல்லை. நானும் வருவேன் என்று அடம்பிடித்ததில் சித்தப்பா சம்மதித்துவிட்டார். அத்தையை என்னால் அடையாளம் காட்ட முடியும், அவளோடு இங்கிலீஷில்கூடப் பேச முடியும் என்று நான் நம்பினேன். பாவாடை சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும்போதுதான், பண்டிகைக்குப் போகிறோம், வழக்கத்தை விட்டுவிடக் கூடாது என்று தோன்றியது. கொடியிலிருந்து அப்பாவின் துண்டை உருவினேன். படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்து இடது மணிக்கட்டில் கட்டினேன். ஒற்றைக் கையால் வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன். பார்த்துக் கட்டுவது கஷ்டமாகவே இல்லை. படத்தில் இருந்தது எனக்கு ஏற்கனவே தெரிந்த முடிச்சு.

துண்டின் மறுமுனை தரையில் புரள வாசலுக்கு வந்தேன். அப்பா கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சொம்பு அவர் கையிலிருந்து விழுந்து உருண்டது. அவர் குரல் அப்படிக் கிறீச்சிட்டு நான் கேட்டதே இல்லை.

“அவுறு அதை. அவுறுடி!”

அம்மா ஓடிவந்து முடிச்சில் நகத்தை வைத்தாள். அவளால் முடியவில்லை. சித்தப்பா வந்து என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இழுத்தார், பல்லால்கூட முயன்றார். வலிக்கவே இல்லை, ஆனால் அவிழவும் இல்லை. கடைசியில் அப்பா வந்தார். ஒரு முனையை மேலே தள்ளி இன்னொன்றைச் சுண்டினார். துண்டு தானாகக் கீழே விழுந்தது.

“எப்படிக் கட்டின நீ?” என்று சித்தப்பா என்னைக் கேட்டார்.

படத்தில் இருக்கிற மாதிரியேதான், அது அப்பா கன்றுக்குட்டிக்குப் போடுகிற முடிச்சு என்று சொன்னேன். சொல்லும்போது பாராட்டை எதிர்பார்த்தேன்.

சித்தப்பா கொட்டகைக்குப் போனார். கன்றின் கழுத்தருகே குனிந்து முடிச்சைப் பார்த்தார். திரும்பி வந்து ஜெராக்ஸை வீசிவிட்டுப் புத்தகத்தையே எடுத்து அந்தப் பக்கத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். அப்பா தரையில் சிந்திய கூழைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“டீ வாங்கினு வரத்தான்டா போனேன்.”

சித்தப்பா நிதானமாகக் கேட்டார். “எந்த ஊருக்குண்ணே?”

நான் சிரித்துவிட்டேன். டீ வாங்க யாராவது ஊருக்குப் போவார்களா? சித்தப்பா எப்போதும் அப்படித்தான் கிண்டலாகப் பேசுவார். வாய்விட்டுச் சிரித்துவிட்டு நிமிர்ந்தால், கூட யாருமே சிரிக்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று சித்தப்பா என்னை அழைத்துப் போகவில்லை. தனியாகத்தான் போனார். அங்கிருந்து வீட்டுக்கு வராமலேயே சென்னைக்குப் போய், பிறகு கத்தாருக்கும் போய்விட்டார். அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவார். அப்பா எடுத்தால் வைத்துவிடுவார். அத்தை கிடைக்கவில்லை. விசா வந்ததால் சித்தப்பா போய்விட்டார் என்றும், அவரை இங்கிலீஷில் நன்றாகத் தேற்றி அனுப்பிய வாத்தியார் நான்தான் என்றும் பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா அந்தக் கன்றை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர் எந்த மாட்டுக்கும் அந்த முடிச்சைப் போட்டு நான் பார்க்கவில்லை.

இப்போது நானே விழுப்புரத்தில் ஒரு சென்டரில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் புத்தகம் புதுப் பதிப்பாக வந்திருக்கிறது. தக்காளி எறிகிறவர்களை மாற்றிவிட்டார்கள், யானையை எடுத்துவிட்டார்கள். மீரா மட்டும் அதே இடத்தில் இருக்கிறாள். படத்துக்குக் கீழே சரியா, தவறா என்று கேட்கும் பயிற்சி ஒன்று உண்டு. மீரா சந்தோஷமாக இருக்கிறாள். பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று போடுகிறார்கள். கடைசிப் பக்கத்து விடையிலும் சரி என்றுதான் இருக்கிறது. சிடியில் மௌனம் வரும்போது வகுப்பே சேர்ந்து, அவனுக்காகக் காத்திருக்கிறேன் என்று திருப்பிச் சொல்கிறது. மீதியையெல்லாம் புத்தகக்காரர் கற்பனையாக எழுதியிருக்கலாம். அந்த டீயை அவரால் கற்பனை செய்திருக்க முடியாது. யாரோ கேட்டிருக்கிறார்கள், அத்தை பதில் சொல்லியிருக்கிறாள்.

போட்டோ எடுக்க வந்தவரை விருந்தாளி என்று நினைத்து அத்தை சிரித்ததாகப் புத்தகம் சொல்கிறது. அன்று நானும் அதை அப்படியே தமிழில் சொன்னேன். இறுகாமலும் அவிழாமலும் இருக்கிற முடிச்சோடு நிற்பவள், எதிரில் ஒருவர் வந்து நின்றதும் எதற்காகக் கையை நீட்டிச் சிரித்திருப்பாள் என்பது என் பத்து வயதுக்கு எட்டவில்லை. அவிழ்த்துக் கூட்டிப்போக ஆள் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.